புள்ளிக்குப் பின்னால் ஓடும் கணக்கு

வடிவம்.பரப்பளவு என்று நிரலில் ஒரு வரி. நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். படிக்கிறவருக்கு, எங்கோ எழுதிவைத்திருக்கும் ஓர் எண்ணை எடுத்துக் கொடுப்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் பத்தாயிரம் முனைகளை ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டும் லூப் ஓடலாம். டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி போய்வரலாம். பெரிய ஃபைல் ஒன்றைத் திறந்து முழுக்கப் படித்த பிறகு பதில் வரலாம். எதுவும் வெளியே தெரியாது.

தெரியக் கூடாது என்றுதான் இதை இப்படி வைத்தார்கள். ஐஃபல் மொழியை வடிவமைத்த பெர்ட்ரண்ட் மேயர் 1988-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார். யூனிஃபார்ம் ஆக்சஸ் என்று அதற்குப் பெயர். தரவையும் அதற்கான வேலைகளையும் சேர்த்துக் கட்டிய ஓர் ஆப்ஜெக்ட்டிடம் ஒரு மதிப்பைக் கேட்கும்போது, அது முன்பே சேமித்து வைத்ததா, கேட்ட நொடியில் கணக்கிட்டதா என்பது கேட்கிறவர் எழுதும் வரியில் தெரியக் கூடாது. இன்று ஃபீல்டாக, அதாவது சேமித்து வைத்த மதிப்பாக இருப்பதை நாளைக்குக் கணக்காக மாற்றினாலும், அதைப் பயன்படுத்தும் நூறு இடங்களில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. பைத்தான், சி ஷார்ப், ஸ்விஃப்ட், காட்லின் என்று பல மொழிகளில் ப்ராப்பர்ட்டி என்ற வசதி தரும் பலனும் இதுதான்.

அருமையான ஏற்பாடு. நான் தினமும் அதை நம்பித்தான் எழுதுகிறேன். அதே சமயம், புள்ளியைப் பார்த்ததும் "இது சும்மா வந்துவிடும்" என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். முனைகளின் ஆயத்தொலைவுகள் தெரிந்தால் பலகோணத்தின் பரப்பளவு கண்டுபிடிப்பது பள்ளிக் கணக்கு: அடுத்தடுத்த இரண்டு முனைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்கினால் போதும். 10,000 முனைகள் என்றால் 10,000 சுற்று. இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இப்போது ஒருவர் ஒவ்வொரு முனைக்கும் ஏதோ ஒரு விகிதம் காண லூப் எழுதுகிறார். சுற்றுக்கு ஒரு தடவை வடிவம்.பரப்பளவால் வகுக்கிறார். பார்வைக்கு ஒரே ஒரு லூப். உள்ளே ஓடுவது 10,000-ஐ 10,000-ஆல் பெருக்கி வரும் 10 கோடிச் சுற்று. எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த வரியில் செலவைக் காட்டும் அறிகுறி எதுவும் இல்லை. எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலர் போட்டுப் பார்த்தால்தான், நேரத்தில் பெரும்பகுதியைப் பரப்பளவு என்ற பெயர் விழுங்கியிருப்பது தெரியவரும்.

இதைப் பார்த்ததும் "கேஷ் பண்ணிடலாம்", அதாவது ஒரு தடவை கண்ட விடையைச் சேமித்து வைத்து அதையே திரும்பக் கொடுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். லூப்புக்கு மேலே ஒரு லோக்கல் வேரியபிளில் பரப்பளவை ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டால் 10 கோடி மறுபடியும் 20,000 ஆகிவிடும். ஒரு வரி வேலை. அந்த வேரியபிளும் ஒரு கேஷ்தான், அதுவும் மிகப் பத்திரமான கேஷ். ஃபங்ஷன் முடிந்ததும் அது போய்விடும். நடுவில் வடிவம் மாறுமா என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் பத்து வரிகளைப் படித்தால் போதும். என் கணிப்பில், ஆப்ஜெக்ட்டுக்குள் கேஷ் வைத்துச் சரிசெய்யும் வேகப் பிரச்சினைகளில் நிறைய இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடக் கூடியவை.

தீராதவையும் உண்டு. ஒரே ஆப்ஜெக்ட் பத்து ஃபங்ஷன்களுக்குக் கைமாறிப் போகிறது, பத்தும் தனித்தனியாகப் பரப்பளவைக் கேட்கின்றன, ஒன்றுக்கு இன்னொன்று இருப்பதே தெரியாது. அப்போது விடையை ஆப்ஜெக்ட்டே பிடித்து வைத்திருப்பதுதான் முறை. ஒரு தடவை கண்ட விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் என்ற யோசனை பழையது. டொனால்ட் மிச்சி 1968-இல் நேச்சர் இதழில் மெமோ ஃபங்ஷன்கள் என்று எழுதினார், மெமோயிசேஷன் என்ற சொல் அங்கிருந்து வந்தது. அதை ஆப்ஜெக்ட்டுக்குள் கொண்டுவரும்போது மட்டும் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்துகொள்கிறது. ஆப்ஜெக்ட்டுக்கு ஓர் ஆயுள் இருக்கிறது. உள்ளே வைக்கும் விடைக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பதே இந்தக் கேள்விதான். கணக்கு எவ்வளவு கனமானது என்று அளந்து பார்த்துத்தான் பெரும்பாலும் கேஷ் வைக்கிறார்கள். அளப்பது அவசியம், அது சுலபமும்கூட. விடை எவ்வளவு நேரம் சரியாக இருக்கும் என்பதை எந்தப் புரொஃபைலரும் சொல்லாது. அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இரண்டு ஆயுளும் கச்சிதமாகப் பொருந்தும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். ஜாவாவின் ஸ்ட்ரிங். ஸ்ட்ரிங் ஒன்றை உருவாக்கிய பிறகு அதன் எழுத்துகள் மாறவே மாறாது. எழுத்துகள் மாறாவிட்டால், அவற்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் எண்ணும் மாறாது. ஹேஷ்மேப்பில் சாவியாகப் போடும்போதும் தேடும்போதும் அந்த எண் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறது. நீளமான ஸ்ட்ரிங் என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போய்வர வேண்டும். அதனால் ஸ்ட்ரிங்குக்குள்ளேயே ஓர் இன்ட் ஃபீல்ட் வைத்து, முதல் முறை கணக்கிட்டதும் அதில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஃபீல்டில் 0 இருந்தால் இன்னும் கணக்கிடவில்லை என்று அர்த்தம்.

சரி, ஹேஷே 0 என்று வரும் ஸ்ட்ரிங் இருந்தால்? இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டு, 0 கண்டுபிடித்து, 0-வையே சேமித்து, அடுத்த முறை "இன்னும் கணக்கிடவில்லை போல" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். விடை சரியாகத்தான் வரும், ஆனால் கேஷ் இருந்தும் இல்லாதது போல. இந்த ஓட்டையை ஜாவாவின் ஜேடிகே 13 பதிப்பில் அடைத்தார்கள். ஹேஷ் பூஜ்யம்தானா என்று சொல்லும் தனி பூலியன் ஃபீல்ட் ஒன்று சேர்ந்தது. அத்தனை பேர் பயன்படுத்தும் ஒரு கிளாஸில் "இன்னும் கணக்கிடவில்லை" என்பதையும் "கணக்கிட்டுவிட்டேன், விடை பூஜ்யம்" என்பதையும் பிரிப்பதற்கு 2019 வரை ஆனது.

பைத்தானை வழக்கமாக ஓட்டும் சிபைத்தான் இதே வேலைக்கு வேறு வழியில் போனது. அதன் ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட்டிலும் ஹேஷை வைக்க ஓர் இடம் உண்டு, அங்கே -1 இருந்தால் இன்னும் கணக்கிடவில்லை. ஹேஷாக -1 வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, எந்த ஹேஷும் -1 ஆக வரவே கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். சி மொழிப் பக்கத்தில் -1 என்பது பிழையின் அடையாளமும்கூட. பைத்தான் கன்சோலில் -1 என்ற எண்ணின் ஹேஷைக் கேட்டால் -2 என்று வருவது இதனால்தான். முதல் தடவை பார்க்கிறவர்கள் பக் என்று நினைப்பார்கள்.

நம் அன்றாட நிரலிலும் இதே குழப்பம் வேறு வேஷத்தில் வரும். ரூபியில் இரண்டு நெடுங்கோடும் ஒரு சமக்குறியும் சேர்ந்த குறியைப் போட்டு, "இல்லாவிட்டால் கணக்கிட்டு வை" என்று ஒரே வரியில் எழுதிவிடும் பழக்கம் உண்டு. அழகான வரி. விடை நில் (எதுவும் இல்லை) அல்லது ஃபால்ஸ் (பொய்) என்று வந்தால் மட்டும், ஒவ்வொரு தடவையும் கணக்கு மறுபடி ஓடும். "இந்தப் பயனருக்குக் கடன் பாக்கி இருக்கிறதா" என்பது கேள்வி, பெரும்பாலான பயனர்களுக்கு "இல்லை" என்பது விடை என்றால், கேஷ் வைத்தும் பெரும்பாலானவர்களுக்குப் பலன் இல்லை. பைத்தானில் எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் நன் என்பதைத் தொடக்க மதிப்பாக வைத்தாலும், நன் என்பதே ஒரு நியாயமான விடையாக வரக்கூடிய இடத்தில் இதே கதைதான். அதற்கென்று தனியாக ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி அடையாளமாக வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மொழியே தரும் வசதியை எடுத்துக்கொள்ளலாம்.

பைத்தானில் அந்த வசதி கேஷ்டு ப்ராப்பர்ட்டி. பைத்தானில் வலைத்தளங்கள் எழுத உதவும் ஜாங்கோவின் நிரலாளர்களுக்கு அது பல வருடங்களாகப் பழக்கம். பைத்தான் 3.8 பதிப்பில் ஃபங்டூல்ஸ் மாட்யூலுக்குள் வந்து மொழியோடு சேர்ந்துவிட்டது. அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பைத்தானில் புள்ளி வைத்து ஒரு பெயரைக் கேட்டால் தேடலுக்கு ஒரு வரிசை உண்டு. வழக்கமான ப்ராப்பர்ட்டி என்பது டேட்டா டிஸ்கிரிப்டர், அதாவது மதிப்பைப் படிப்பதையும் எழுதுவதையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. அது ஆப்ஜெக்ட்டின் சொந்த டிக்ஷனரியை முந்திக்கொள்ளும். கேஷ்டு ப்ராப்பர்ட்டியில் படிக்கும் பக்கம் மட்டும் உண்டு, எழுதும் பக்கம் கிடையாது. அதனால் சொந்த டிக்ஷனரி அதை முந்திக்கொள்ளும். முதல் தடவை கேட்கும்போது டிக்ஷனரியில் அந்தப் பெயர் இல்லை, டிஸ்கிரிப்டர் ஓடுகிறது, விடையைக் கண்டு, தன் பெயரிலேயே டிக்ஷனரியில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாம் தடவையிலிருந்து டிக்ஷனரியிலேயே விடை கிடைத்துவிடுவதால் டிஸ்கிரிப்டர் கூப்பிடப்படுவதே இல்லை. "கணக்கிட்டாயிற்றா" என்று கேட்கும் இஃப் வரிகூட அந்தப் பாதையில் கிடையாது. விடை நன் ஆக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கேஷைக் காலி செய்ய வேண்டுமானால் டெல் போட்டு அந்தப் பெயரை நீக்கினால் போதும், அடுத்த முறை புதிதாகக் கணக்கிடும்.

இதிலிருந்தே அதன் எல்லைகளும் வந்துவிடுகின்றன. டிக்ஷனரி இல்லாமல் ஸ்லாட்ஸ் மட்டும் வைத்திருக்கும் கிளாஸில் இது வேலை செய்யாது. காத்திருந்து விடை வாங்க வேண்டிய அசிங்க் ஃபங்ஷன் மேல் போட்டால், சேமிக்கப்படுவது விடை இல்லை, அவெய்ட் செய்து ஓட்ட வேண்டிய கோரூட்டீன். முதல் அவெய்ட் நன்றாகப் போகும், இரண்டாவது அவெய்ட்டில் பிழை வரும், ஒரு கோரூட்டீனை ஒரு முறைதான் அவெய்ட் செய்ய முடியும். அப்புறம், ஆப்ஜெக்ட்டைப் பிக்கிள் செய்தால், அதாவது சேமிக்கவோ அனுப்பவோ பைட்டுகளாக மாற்றினால், சேமித்த விடையும் கூடவே போகும். சின்ன ஆப்ஜெக்ட் என்று நினைத்து இன்னொரு பிராசஸுக்கு அனுப்பினால், யாரோ ஒரு முறை தொட்டுவிட்ட ப்ராப்பர்ட்டியின் பெரிய அணி முழுவதும் கூடவே பயணம் செய்யும்.

இனி ஆயுள் பொருந்தாத இடங்களுக்கு வருவோம். பிரச்சினைகள் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

நம் பலகோணத்துக்கு "முனை சேர்" என்று ஒரு மெத்தட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனை சேர்ந்ததும் பழைய பரப்பளவு பொய். சரி, அந்த மெத்தட்டின் கடைசியில் கேஷைக் காலி செய்யும் ஒரு வரி போடுகிறோம். அப்புறம் "முனை நீக்கு" வருகிறது, அங்கேயும் ஒரு வரி. பரப்பளவோடு சுற்றளவும் மையமும் கேஷாகச் சேர்கின்றன, இப்போது இரண்டு மெத்தட்டிலும் மும்மூன்று வரி. ஆறு மாதம் கழித்து "பெரிதாக்கு" என்ற மெத்தட்டைப் புதிதாக ஒருவர் எழுதுகிறார். அவருக்குப் பரப்பளவு கேஷில் இருப்பது தெரிய நியாயமில்லை, கிளாஸின் வேறு மூலையில் இருக்கிறது. பெரிதாக்கிய வடிவம் பழைய பரப்பளவையே சொல்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண் வரும், நம்பும்படியான எண்ணாகவும் இருக்கும்.

இதைவிட மோசமான வழியும் உண்டு. முனைகள் என்ற லிஸ்ட்டை ஆப்ஜெக்ட் அப்படியே வெளியே கொடுத்திருந்தால், வாங்கியவர் அதில் நேராக ஒரு முனையைச் சேர்த்துவிடலாம். பலகோணத்துக்கு அது தெரியவே தெரியாது. கூப்பிட எந்த மெத்தட்டும் இல்லாதபோது காலி செய்யும் வரியை எங்கே போடுவது? முனை என்பதே மாறக்கூடிய ஆப்ஜெக்ட்டாக இருந்து, அதன் எக்ஸ் மதிப்பை ஒருவர் மாற்றினால், லிஸ்ட்கூட மாறவில்லை, விடை மட்டும் தப்பு. விடை எதை எதை நம்பியிருக்கிறதோ, அதில் ஒன்று ஆப்ஜெக்ட்டின் வேலிக்கு வெளியே இருந்தாலும் கேஷுக்குக் காவல் இல்லை.

தலைகீழாகவும் இது நடக்கும். கேஷில் வைத்த விடையே ஒரு லிஸ்ட். வாங்கியவர் தன் வசதிக்காக அதை வரிசைப்படுத்துகிறார், இரண்டு உருப்படியை நீக்குகிறார். அவர் கையில் இருப்பது நகல் இல்லை, கேஷில் இருக்கும் அதே லிஸ்ட். அடுத்து கேட்கிற எல்லோருக்கும் திருத்தப்பட்ட விடைதான் போகும். கேஷ் இல்லாத காலத்தில் ஒவ்வொருவருக்கும் புதிய லிஸ்ட் போயிருக்கும், அவர் செய்தது யாரையும் பாதித்திருக்காது. வேகத்துக்காக ஒரு வரி சேர்த்தோம் என்று நினைப்போம், உண்மையில் அந்த மெத்தட்டின் அர்த்தமே மாறிவிட்டது. அதனால் கேஷில் வைக்கும் தொகுதியை டியூப்பிள் போன்ற மாறாத வடிவில் கொடுக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாறும் தரவோடு வாழ்ந்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. விரிதாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் மட்டும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும். முப்பரிமாணக் காட்சியில் ஒரு தோளைத் திருப்பினால் கையும் விரல்களும் தங்கள் இடத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அங்கெல்லாம் "அழுக்கு" என்று ஒரு கொடி வைத்து, கீழே இருப்பவற்றுக்கு எல்லாம் கடத்தி, அடுத்த முறை கேட்கும்போது கணக்கிடுவார்கள். வலைப்பக்கங்களுக்கான கட்டமைப்பு வ்யூ ஜேஎஸ்ஸின் கம்ப்யூட்டட் ப்ராப்பர்ட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்கு ஓடும்போது எந்தெந்த மதிப்புகளைப் படித்தது என்பதைக் கட்டமைப்பே கவனித்துக் குறித்துக்கொள்கிறது, அவற்றில் ஒன்று மாறினால் மட்டும் மறுபடி ஓட்டுகிறது. அங்கே கேஷைக் காலி செய்யும் பொறுப்பு மனிதரின் ஞாபகத்திலிருந்து இயந்திரத்துக்குப் போய்விடுகிறது. அப்படி ஒரு கட்டமைப்புக்குள் எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தக் கட்டமைப்புக்குத் தெரியாத மதிப்பு ஒன்று கணக்குக்குள் நுழைந்தால், உதாரணமாக இப்போதைய நேரம், அது அங்கேயும் பழசாகவே நிற்கும்.

சாதாரண கிளாஸ்களில் நான் போகும் வழி வேறு. ஆப்ஜெக்ட்டை மாறாததாக ஆக்கிவிடுவது. பலகோணத்தை உருவாக்கும்போதே முனைகளை டியூப்பிளாக வாங்கிக்கொள்கிறது, அதன் பிறகு அதில் எதுவும் மாறாது. "முனை சேர்" என்றால் புதிய பலகோணம் ஒன்று கிடைக்கும், பழையது பழையபடியே இருக்கும். காலி செய்யும் வரி ஒன்றுகூட எழுத வேண்டியதில்லை. விடையின் ஆயுள் ஆப்ஜெக்ட்டின் ஆயுளேதான், ஜாவா ஸ்ட்ரிங்கில் இருப்பது போல. புதிய ஆப்ஜெக்ட்டுக்குப் புதிய கணக்கு, அதுவும் யாராவது கேட்டால் மட்டும்.

பைத்தானில் இதற்கு, உருவான பிறகு ஃபீல்டுகளை மாற்ற விடாத ஃப்ரோசன் டேட்டாகிளாஸும் கேஷ்டு ப்ராப்பர்ட்டியும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. உறைந்த கிளாஸுக்குள் எப்படி விடையை எழுத முடிகிறது என்று கேட்கலாம். டேட்டாகிளாஸ் தடுப்பது ஃபீல்டுக்கு மதிப்பு கொடுக்கும் வழக்கமான பாதையை. கேஷ்டு ப்ராப்பர்ட்டி அந்தப் பாதையில் போகாமல் நேராக டிக்ஷனரியில் எழுதுகிறது. அதே டேட்டாகிளாஸ் மாட்யூலில் உள்ள ரீப்ளேஸ் மூலம் ஒரு ஃபீல்டை மாற்றிப் புதியது எடுத்தால், அது கன்ஸ்ட்ரக்டர் வழியாக உருவாவதால் பழைய விடை ஒட்டிக்கொண்டு வராது. காப்பி மாட்யூலின் காப்பி ஃபங்ஷன் அப்படி இல்லை, டிக்ஷனரியை அப்படியே எடுத்துக்கொள்ளும், சேமித்த விடையும் வரும். நகலெடுத்த பிறகு நகலில் ஒரு ஃபீல்டை மாற்றும் பழக்கம் இருக்கும் நிரலில் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சி++ மொழியில் மாறாமை பற்றிய இதே பேச்சு வேறு விதமாக நடக்கிறது. கான்ஸ்ட் மெத்தட் ஆப்ஜெக்ட்டை மாற்றாது என்பது வாக்கு. அதற்குள் கேஷை எழுத வேண்டுமானால் அந்த ஃபீல்டை மியூட்டபிள் என்று அறிவிக்க வேண்டும். "வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறவில்லை, உள்ளே மட்டும் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன்" என்று அதற்குப் பொருள். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளுக்கு த்ரெட் என்று பெயர்; ஒரு த்ரெட் மட்டும் இருக்கும்வரை அந்த வாக்கு நிற்கும். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் படிக்க வந்தால், படிப்பது என்று நினைத்துச் செய்வது எழுதுவதாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, அதாவது லாக் வேண்டும்.

த்ரெட் விஷயத்தில் மொழிக்கு மொழி வழி வேறு, தெரிந்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. முதல் முறை கேட்கும்போதுதான் கணக்கிடும் வசதிக்கு லேஸி என்று பெயர். காட்லினின் லேஸி, ஒன்றும் சொல்லாவிட்டால் லாக் போட்டுக்கொள்ளும். ஸ்விஃப்ட்டின் லேஸி அப்படி எந்த உறுதியும் தருவதில்லை, பல த்ரெட்கள் ஒரே சமயத்தில் தொட்டால் ஒரு தடவைதான் கணக்கிடப்படும் என்று நம்ப முடியாது. சி ஷார்ப்பின் லேஸி கிளாஸில் ஒரு நுட்பம் இருக்கிறது: கணக்கிடும் ஃபங்ஷனைக் கொடுத்து வழக்கமான முறையில் உருவாக்கினால், அந்த ஃபங்ஷன் எறியும் எக்ஸெப்ஷனையும் (பிழையையும்) அது சேமித்துக்கொள்ளும். நெட்வொர்க் ஒரு நொடி தடுமாறியதால் வந்த எக்ஸெப்ஷன், அந்த ஆப்ஜெக்ட் இருக்கும்வரை கேட்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருக்கும். பைத்தானின் கேஷ்டு ப்ராப்பர்ட்டி எக்ஸெப்ஷனைச் சேமிக்காது. அதில் இன்னொரு சங்கதி இருந்தது. 3.8 முதல் 3.11 வரை உள்ளே ஒரு லாக் இருந்தது, ஆனால் ஆப்ஜெக்ட்டுக்கு ஒன்றாக இல்லாமல், கிளாஸில் எழுதிய ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒன்று. ஒரு பலகோணத்தின் பரப்பளவைக் கணக்கிடும் நேரத்தில், சம்பந்தமே இல்லாத இன்னொரு பலகோணத்தின் பரப்பளவுக்கு வந்த த்ரெட்டும் காத்திருக்கும். 3.12-இல் அந்த லாக்கை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு த்ரெட்கள் ஒன்றாக வந்தால் கணக்கு இரண்டு முறை ஓடலாம். மாறாத ஆப்ஜெக்ட்டில் இரண்டு தடவை ஓடினாலும் ஒரே விடைதான், கொஞ்சம் நேரம் வீண், அவ்வளவுதான். ஜாவா ஸ்ட்ரிங்கும் ஹேஷுக்கு லாக் போடாமல் இதே தைரியத்தில்தான் ஓடுகிறது.

விடையின் ஆயுளைப் பார்ப்பதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கணக்கு, ஆப்ஜெக்ட்டின் சொந்த ஃபீல்டுகளைத் தவிர வேறு எதையாவது படிக்கிறதா? வயது என்ற ப்ராப்பர்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி மாறாது, ஆப்ஜெக்ட்டும் மாறாதது, எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் வயது என்பது பிறந்த தேதியை மட்டும் வைத்து வருவதில்லை, இன்றைய தேதியும் உள்ளே இருக்கிறது. ஒரு வாரம் நிற்காமல் ஓடும் சர்வரில், நடுவில் பிறந்தநாள் வந்தால், அந்தக் கேஷ் அன்றைய நள்ளிரவைத் தாண்டியதும் பொய் சொல்லத் தொடங்கும். அந்தத் தேதியை ஆர்க்யுமென்ட்டாக வாங்கும் மெத்தட்டாக அதை எழுதுவதே நேர்மை.

டேட்டாபேஸிலிருந்து வருவதும் இப்படித்தான், கொஞ்சம் நெளிவுசுளிவோடு. ஜாங்கோ ஒரு பயனருக்கு என்னென்ன அனுமதிகள் உண்டு என்பதை முதல் முறை கேட்கும்போது எடுத்து, அந்தப் பயனர் ஆப்ஜெக்ட்டிலேயே வைத்துக்கொள்கிறது. அனுமதிகள் அந்த ஆப்ஜெக்ட்டின் சொத்து இல்லை, வேறு டேபிள்களில் இருக்கின்றன, யாரும் எப்போதும் மாற்றலாம். என் கேள்விப்படி இது தப்பான இடம். ஆனாலும் அது நன்றாக வேலை செய்கிறது. காரணம், வெப் ரிக்வெஸ்ட் ஒன்று வரும்போது பயனர் ஆப்ஜெக்ட் பிறக்கிறது, ரிக்வெஸ்ட் முடிந்ததும் போய்விடுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான அந்த நேரத்துக்கு அனுமதி மாறாது என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. டெஸ்ட்டில்தான் இது காலை வாரிவிடும். அனுமதி இல்லை என்று சோதித்துவிட்டு, அதே ஆப்ஜெக்ட்டுக்கு அனுமதி கொடுத்து, மறுபடி கேட்டால் இன்னும் இல்லை என்றே வரும். ரீஃப்ரெஷ் செய்தாலும் அந்தக் கேஷ் போகாது, பயனரை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. அதே ஆப்ஜெக்ட்டை மணிக்கணக்காக ஓடும் பின்னணி வேலை ஒன்று கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஆயுள் பிசகும். விடை, தேவைக்கு மேல் வாழும். பைத்தானில் மெத்தட்டின் மேல் நேராக எல்ஆர்யூ கேஷ் (அண்மையில் கேட்ட விடைகளை மட்டும் வைத்திருக்கும் கேஷ்) போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கேஷ் ஆப்ஜெக்ட்டில் இருப்பதில்லை, கிளாஸில் உள்ள ஃபங்ஷனோடு ஒட்டியிருக்கிறது, எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொது. ஆர்க்யுமென்ட்களைச் சாவியாக வைப்பதால், அந்த ஆப்ஜெக்ட்டையே குறிக்கும் செல்ஃபும் சாவியில் சேர்ந்துவிடுகிறது. வேறு யாரும் அந்த ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருக்காவிட்டாலும் கேஷ் பிடித்திருக்கும், மெமரி விடுபடாது. வழக்கமான அளவு 128 என்பதால் அதற்கு ஒரு எல்லை உண்டு, எல்லையே வேண்டாம் என்று எழுதினால் அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் சில மெகாபைட் பிடிக்கும் ஆப்ஜெக்ட்கள் என்றால் 128-உம் சின்ன எண் கிடையாது. ஆர்க்யுமென்ட் இல்லாத கணக்குக்குக் கேஷ்டு ப்ராப்பர்ட்டியே பொருத்தம், ஆப்ஜெக்ட் போகும்போது விடையும் போய்விடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும், இது ப்ராப்பர்ட்டியாக இருக்கலாமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கேஷ் இரண்டாவது தடவையைத்தான் வேகமாக்கும். முதல் தடவை அதே செலவுதான், அதுவும் எந்த வரியில் அந்த முதல் தடவை நிகழும் என்பது தெரியாது. லாக் ஃபைலில் நிகழ்வுக் குறிப்பு எழுதும் ஒரு சாதாரண வரி அதைத் தொட்டுவிடலாம். டீபக்கரின் வாட்ச் சாளரம் ஆப்ஜெக்ட்டை விரித்துக் காட்டும்போது ப்ராப்பர்ட்டிகளைத் தானே ஓட்டிவிடலாம், அப்புறம் டீபக்கரில் பார்த்தால் ஒரு மாதிரியும் பார்க்காவிட்டால் வேறு மாதிரியும் நிரல் நடந்துகொள்ளும். ஃபீல்டைப் படிப்பதைவிடப் பல மடங்கு மெதுவான வேலை என்றால் ப்ராப்பர்ட்டி வேண்டாம், மெத்தட்டாக வையுங்கள் என்று டாட்நெட்டின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. எனக்கும் அதே அபிப்பிராயம். மெமரியில் இருப்பதை வைத்து மில்லிநொடிகளில் முடியும் கணக்கு, விடை மாறாது, பிழை எறியாது என்றால் கேஷோடு ப்ராப்பர்ட்டி. டிஸ்க்கையோ நெட்வொர்க்கையோ தொடும் எதுவாக இருந்தாலும் மெத்தட், பெயரிலேயே "எடு" என்றோ "ஏற்று" என்றோ ஒரு வினை இருக்க வேண்டும். உள்ளே கேஷ் இருந்தாலும் அப்படியே. கூப்பிடுகிறவர் அடைப்புக்குறியைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார், லூப்புக்கு வெளியே எடுத்து வைப்பார்.

கேஷ் வைத்த கிளாஸுக்கு நான் கேட்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. அது எழுதச் சிறியது. ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, கேஷான எல்லா ப்ராப்பர்ட்டிகளையும் ஒரு முறை படித்துவிட வேண்டும், கேஷ் நிரம்பட்டும். பிறகு ஆப்ஜெக்ட்டை மாற்றக்கூடிய பொது மெத்தட்களில் ஒன்றைக் கூப்பிட வேண்டும். இப்போது அதே தரவிலிருந்து புத்தம் புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, இரண்டிலும் ப்ராப்பர்ட்டிகளை ஒப்பிட வேண்டும். மெத்தட்களைத் தற்போக்கான வரிசையில் சில நூறு தடவை கூப்பிட்டு, ஒவ்வொரு முறைக்குப் பிறகும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது. "பெரிதாக்கு" போன்ற மெத்தட் புதிதாக வரும்போது அந்தப் பட்டியலில் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும், அல்லது கிளாஸிலிருந்தே மெத்தட்களை எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும். அந்த டெஸ்ட்டை எழுதவே முடியவில்லை, விடையை மாற்றக்கூடிய எல்லா வழிகளையும் சொல்லிவிட முடியவில்லை என்றால், அந்த ப்ராப்பர்ட்டியிலிருந்து கேஷை எடுத்துவிட்டு, கூப்பிடும் இடத்தில் ஒரு லோக்கல் வேரியபிளைப் போடுங்கள்.